சிகாகோ ஆசிரியர் மெர்ட்டன் மில்லர்



பணத்தைப் பற்றிப் பேசுவோர் எக்காலத்தும் உண்டு. பணம் சேர்க்கும் வழி தமக்குத் தெரியும் என்று பறைசாற்றுவோர் அவர்களினும் அதிகம். ஆயின், பணத்தின் போக்கை ஒரு சாஸ்திரமாக ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியில் தாம் கண்ட உண்மை வணிகருக்கு உவப்பாயிருப்பினும் கசப்பாயிருப்பினும், அதனைக் கூட்டாமலும் குறைக்காமலும் வகுப்பறையில் நின்று நாற்பது ஆண்டுகள் எடுத்துரைத்த ஆசிரியர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்தெண்ணத்தக்கவரான பேராசிரியர் மெர்ட்டன் மில்லர், 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள், தமது 77 வயதில், தாம் நெடுங்காலம் வாழ்ந்து போதித்த சிகாகோ நகரிலேயே காலமானார். நான் அவர்முன் அமர்ந்து பாடம் கேட்டவன் அல்லன். வணிகவியல் பயின்ற எண்ணற்றோரைப் போல, அவருடைய எழுத்தின் வாயிலாகவே அவரை ஆசிரியராக வரித்துக்கொண்டவன். அந்தக் கடனை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியே இன்றைய உரை.

மில்லர் 1923ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஒரு வழக்கறிஞரின் ஒரே மைந்தராகப் பிறந்தார். தந்தை பயின்ற ஹார்வர்டிலேயே தாமும் பயின்று, யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் நிதி இலாகாவில் வரி ஆராய்ச்சிப் பிரிவில் பணிபுரிந்து, பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1952இல் டாக்டர் பட்டம் பெற்றார். லண்டனில் ஓராண்டு போதித்துவிட்டு, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, அங்கே அவருக்கு வாய்த்த தோழர் பிராங்கோ மொதிக்லியானி. இத்தாலியில் யூதராகப் பிறந்து, பாசிச ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி 1939இல் அமெரிக்கா புகுந்தவர் அவர். இவ்விருவருடைய நட்பிலே விளைந்ததுதான் 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பொருளாதார சஞ்சிகையில் வெளிவந்து, நிதியியல் என்னும் துறையையே தலைகீழாகப் புரட்டிய அந்தக் கட்டுரை.

அது சொன்னது என்ன? ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய மூலதனத்தைப் பங்குகள் விற்றுத் திரட்டலாம். கடன் வாங்கியும் திரட்டலாம். பங்குதாரர் எதிர்பார்க்கும் ஆதாயத்தைவிடக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி குறைவாதலால், அளவறிந்து கடன் வாங்கும் கம்பெனியின் மதிப்பு உயரும் என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் அபிப்பிராயம். மில்லரும் மொதிக்லியானியும் இதை மறுத்தனர். வரிகளும் திவாலாகும் செலவும் குறுக்கிடாத ஒரு சந்தையை மனத்தில் கற்பித்துக்கொண்டால், ஒரு கம்பெனியின் மதிப்பை நிர்ணயிப்பது அது தன் தொழிலால் ஈட்டும் வருமானமேயன்றி, அந்த வருமானத்தைக் கடன் கொடுத்தவரும் பங்குதாரரும் எவ்விதம் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதன்று என அவர்கள் நிறுவினர். கடன் ஏறினால் பங்குதாரரின் அபாயமும் ஏறுகிறது. அபாயம் ஏறினால் அவர் கேட்கும் ஆதாயமும் ஏறுகிறது. மலிவான கடனால் மிச்சப்பட்டதாகத் தோன்றியது அங்கே செலவாகிவிடுகிறது.

நேயர்கள் பொறுமையோடு ஒரு சிறு கணக்கைக் கேட்க வேண்டும், ஏனெனில் அந்தச் சித்தாந்தத்தின் அழகெல்லாம் அதன் நிரூபணத்தில்தான் இருக்கிறது. இரண்டு கம்பெனிகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் சம்பாதிக்கிறது. முதற் கம்பெனிக்குக் கடனே இல்லை. அதன் பங்குகளின் மொத்த விலை 10 லட்சம். இரண்டாவது கம்பெனிக்கு 5 விழுக்காடு வட்டியில் 4 லட்சம் கடன் இருக்கிறது. அதன் பங்குகளோ 7 லட்சத்துக்கு விலைபோகின்றன. ஆகக் கடனும் பங்குமாகச் சேர்த்து 11 லட்சம். இந்த இரண்டாவது கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு, வட்டி போக ஆண்டுக்கு 8,000 ரூபாய் வருகிறது. அவர் தம் பங்கை 70,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, தாமே 40,000 ரூபாய் அதே வட்டிக்குக் கடன் வாங்கி, 1 லட்சம் கொடுத்து முதற் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கை வாங்குவாரானால், 10,000 ரூபாய் வருமானத்தில் 2,000 வட்டி போக அதே 8,000 அவருக்குக் கிடைக்கிறது; கையிலே 10,000 ரூபாய் மிச்சமும் நிற்கிறது. இப்படி ஒருவர் செய்யலாம் என்றால் பலரும் செய்வர்; பலரும் செய்தால் இரண்டு விலைகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்து சமமாகும். லேவாதேவிக்காரர் எவருக்கும் விளங்கக்கூடிய இந்த எளிய யுக்தியின் மீதுதான் தற்கால நிதியியலின் பெரும்பகுதி எழுப்பப்பட்டிருக்கிறது.

1985ஆம் ஆண்டில் மொதிக்லியானிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, சிகாகோவின் தொலைக்காட்சிக்காரர்கள் மில்லரைத் தேடி வந்தனராம். உங்கள் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்க, எவ்வளவு சுருக்கமாக என்று இவர் வினவ, பத்து விநாடி என்று விடை வந்தது. ஆயுட்கால உழைப்பைப் பத்து விநாடியில் அடக்குவது எங்ஙனம்? அவர் முறையாக விளக்கிப் பார்த்தார்; வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு பாலை உவமையாக்கினார்: பாலைப் பாலாகவே விற்கலாம், ஆடையை எடுத்துத் தனியாகவும் விற்கலாம், ஆடைக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது மெய்யே, ஆனால் எஞ்சிய பாலுக்கு விலை குறைந்துவிடுமே! அதுவும் அவர்களுக்கு நீளமாகவே பட்டது. விளக்குகளை அணைத்து, கருவிகளைக் கட்டிக்கொண்டு, பிறகு வருகிறோம் என்று விடைபெற்றார்கள் என்பதாக மில்லரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு நல்லாசிரியரின் இயல்பு முழுவதையும் இந்நிகழ்ச்சியில் நான் காண்கிறேன். கேட்பவருக்குப் புரியவில்லையெனில் சலிப்படையாமல் வேறொரு வழி தேடினார்; ஆனால் உண்மையைக் குறைத்து, பத்து விநாடிக்குள் அடங்கும் பொய்யாக்கித் தர அவர் உடன்படவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1990இல், மார்கோவிட்ஸ், ஷார்ப் என்னும் இருவரோடு அவருக்கும் அப்பரிசு வந்தது.

1961இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்கு வந்த மில்லர் 1993இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். அவர் வந்த காலத்தில் அங்கே மாணாக்கராயிருந்தவர் யூஜின் பாமா. தம் ஆய்வுக்கு ஐந்து விஷயங்களை எழுதிக்கொண்டு மில்லரின் அறைக்குச் சென்றதாகவும், நான்கை அவர் மென்மையாகத் தள்ளிவிட்டு ஐந்தாவதைக் கேட்டு உற்சாகம் கொண்டதாகவும் பாமா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிய அந்த ஆய்விலிருந்து தொடங்கிய பயணமே பாமாவை 2013இல் நோபல் பரிசு வரை கொண்டு சென்றது. ஆப்ஷன் எனப்படும் உரிமை ஒப்பந்தங்களின் விலையைக் கணிக்கும் சூத்திரத்தை பிஷர் பிளாக்கும், மில்லரிடம் பயின்ற மைரன் ஷோல்ஸும் கண்டபோது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளாதார சஞ்சிகையே முதலில் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது; மில்லரும் பாமாவும் எடுத்துச் சொன்ன பிறகே அது மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, 1973இல் அச்சேறியது. தம் பெயர் இடம்பெறாத ஒரு கட்டுரைக்காக இவ்வாறு வாதாடிய பெருந்தன்மையை, அவர் பெற்ற பரிசுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

1987ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியெண் ஒரே நாளில் 22 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தபோது, பங்கு விலைக் குறியெண்ணைப் பின்னொரு தேதிக்கு இன்றே விலைபேசி வாங்கி விற்பதாகிய, சிகாகோவில் நடந்துவந்த குறியெண் முன்பேர வணிகமே அதற்குக் காரணம் என்று பலரும் பழி சுமத்தினர். சிகாகோ வணிகச் சந்தை அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்த மில்லர், அப்பழி பொருந்தாது என்று முடிவு கூறினார். சந்தையே அமைத்த குழு சந்தைக்குச் சாதகமாகத்தானே சொல்லும் என்று ஐயுறுவோர் உண்டு. ஆயினும் முன்பேரச் சந்தைகளின் பயனைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து அக்குழுவுக்காகப் பிறந்ததன்று. நம் நாட்டில், அவர் மறைந்த அதே 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான், மும்பையில் குறியெண் முன்பேர வணிகம் தொடங்கிற்று.

அவர் சொன்னதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நேயர்கள் கருதலாகாது. கடன் பெருகுவதைக் கண்டு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை என்று நோபல் விழா உரையிலே அவர் வாதித்தார். கம்பெனி ஒன்று திவாலாகும்போது வேலையிழக்கும் தொழிலாளியும், பாக்கி வராத சிறு வியாபாரியும் படும் துன்பத்துக்கு அந்த வாதத்தில் போதிய இடமில்லை என்பது என் துணிபு. ஆனால் அவரை மறுப்பதற்கும் அவரிடமே கற்க வேண்டியிருக்கிறது. எது பொருட்டன்று என்று காட்டினால், எது பொருட்டு என்பதும் அதனாலேயே வெளிப்படும் என்பதே, முப்பது ஆண்டுகள் கழித்துத் தம் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தபோது அவர் கூறிய கருத்து. வரியைப் பற்றி 1958இல் தாங்கள் எழுதியதில் பிழை இருந்ததென்று கண்டபோது, அவரும் மொதிக்லியானியும் 1963இல் திருத்தம் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். கற்றோர் அவையில் புகழ் ஓங்கி நிற்கும் வேளையில் இவ்வாறு செய்யும் நேர்மை யாவர்க்கும் எளிதில் வருவதன்று.

தமிழில் வணிகவியல் போதிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து இவ்வுரையை முடிக்கிறேன். மில்லருடைய 1990ஆம் ஆண்டு நோபல் உரையும், முப்பதாண்டு நிறைவில் 1988இல் எழுதிய கட்டுரையும், கணக்குச் சூத்திரங்களுக்கு அஞ்சும் வாசகரும் படிக்கத்தக்கவை. பரீட்சைக்காக அவருடைய தத்துவத்தை மனப்பாடம் செய்யும் நம் மாணாக்கர், அதனை நிறுவியவரின் குரலையும் நேரே கேட்க வேண்டும். அவ்விரண்டையும் நல்ல தமிழில் எழுதித் தர உங்களில் எவரேனும் முன்வர வேண்டும்.