இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ரெனால்ட் ஜான்சன் என்னும் பொறியாளரின் தலைமையில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தார் உருவாக்கி, 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகுக்கு அறிவித்த ராமாக் இயந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 காந்தத் தகடுகள் சுழன்று, 50 லட்சம் எழுத்துக்களைச் சேமித்தன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள அந்த இயந்திரத்தின் சந்ததிதான், இன்று நம் இல்லக் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவதாக நாம் பொருத்த விரும்பும் ஹார்ட் டிஸ்க்.

பொருத்திய பின்பும் அது தோன்றாவிடில், பழுதென்று தீர்மானித்துக் கடைக்குத் திருப்பியனுப்புவது அவசரக் காரியம். கம்ப்யூட்டரைத் துவக்கும்போது, பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரையில் அதன் பெயர் காணப்படவில்லையெனில், மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு, டிஸ்க்கின் மின்சார கேபிள், டேட்டா கேபிள் இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துதல் நன்று; அதற்கும் பலனில்லையேல் மதர்போர்டின் கையேட்டைப் படித்தே ஆக வேண்டும், ஏனெனில் பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் ஒரு டிஸ்க் இருக்குமாயின் குறிப்பிட்ட சாட்டா இணைப்பு தானாகவே செயலிழந்துவிடும் என்ற சூட்சுமம் அதில்தான் அச்சாகியிருக்கும்.

பயாஸில் தோன்றி விண்டோஸில் மட்டும் தோன்றாத புது டிஸ்க் பெரும்பாலும் குறையற்றது. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் அதை இனிஷியலைஸ் செய்து, 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதாயின் ஜி.பி.டி. என்னும் பகுப்பு முறையைத் தேர்ந்து, ஃபார்மட் செய்தால் போதும். ஆனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த, குடும்பப் புகைப்படங்கள் நிறைந்த டிஸ்க்காயின், இனிஷியலைஸ் செய்யட்டுமா என்ற கேள்விக்குச் சம்மதம் அளிக்கவே கூடாதென்று மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்து, உள்ளிருப்பதைப் பிரதியெடுத்த பிறகே மற்றக் காரியம்.