பிரெஞ்சுத் தேர்வில் நல்ல கடிதம் எழுதுவது எப்படி?
(காரைக்காலில் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊரில் பிரான்சோடு உறவில்லாத தெரு குறைவு. கணவரிடம் போகக் காத்திருக்கும் பெண்களும், மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பிரான்சில் 2026 ஜனவரி முதல் மொழி நிபந்தனை கூடியிருக்கிறது. பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பொதுவாக பி1 நிலையும், குடியுரிமைக்கு பி2 நிலையும் வேண்டும். ஆகவே டெல்ஃப் தேர்வு இன்று குடும்பத்தின் காரியமாகிவிட்டது.

தேர்வு நான்கு பகுதி: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். நன்றாகப் பேசுகிறவர்களும் எழுத்தைக் கண்டு பயப்படுவதை வகுப்பில் பார்க்கிறோம். பயம் வேண்டாம். கடிதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், யாருக்கு எழுதுகிறோம்? நாம் பெரியவரை 'நீங்கள்' என்போம், தோழனை 'நீ' என்போம். பிரெஞ்சிலும் அப்படியே: அலுவலகத்துக்கு 'வூ', நண்பனுக்கு 'த்யூ'. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

அலுவல் கடிதமானால் இடப்பக்க மேலே நம் பெயர், முகவரி. வலப்பக்கம் பெறுநர்; அதன் கீழ் ஊரும் தேதியும். மாதப் பெயருக்குப் பெரிய எழுத்து வராது. அடுத்து ஒரே வரியில் பொருள். விளிப்பு 'மதாம், முசே' என்றிருந்தால் போதும். முன்பின் தெரியாதவரை 'அன்புள்ள' என்று அழைப்பது அங்கே பொருந்தாது.

உடல் மூன்று பத்தி. ஏன் எழுதுகிறோம், நிலைமை என்ன, காரணம் என்ன, என்ன கேட்கிறோம். நூலகத்தை ஞாயிறன்றும் திறக்கும்படி மேயருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று வைப்போம். 'நூலகம் வேண்டும்' என்று நிறுத்தினால் மதிப்பெண் வராது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் என்று இரண்டு காரணமாவது சொல்லுங்கள். கேட்கும்போது 'ழ வெ' என்றால் அதட்டலாகப் படும். 'ழ வூத்ரே' என்றால் பணிவு.

முடிவில் 'ழ வூ பிரி தாக்ரெயே' என்று தொடங்கும் மரியாதை வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். மேலே எப்படி விளித்தோமோ அதே விளிப்பு அதற்குள்ளும் வரவேண்டும். நண்பனுக்கான கடிதத்தில் இதை எழுதினால் சிரிப்பார்கள். அங்கே 'அ பியேந்தோ' போதும்.

மனப்பாடம் அந்தச் சட்டத்தோடு நிற்கட்டும். முழுக் கடிதத்தையும் உருப்போட்டு எழுதினால், கேள்வி ஒன்று, பதில் வேறொன்றாகிவிடும்.

பி1 எழுத்துக்கு 45 நிமிடம், 160 சொற்கள். பி2க்கு ஒரு மணி நேரம், 250 சொற்கள். இரண்டு இடைவெளிக்கு நடுவே இருப்பது ஒரு சொல் என்றே எண்ணுவார்கள். கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்க: வினை எழுவாயோடு பொருந்துகிறதா, பன்மைக்கு 'எஸ்' உண்டா, எழுத்தின் மேல் குறிகள் விழுந்தனவா?

பெற்றோர்களே, பிரெஞ்சு தெரியாவிட்டாலும் நீங்கள் உதவலாம். வாரம் ஒரு கடிதம், கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் திருத்தி வாங்கச் செய்யுங்கள். தேர்வுக் கட்டணம் சிறியதல்ல; ஒரே முறையில் தேறுவது வீட்டுக்கும் நிம்மதி. இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் தேறுவார்கள். வஸ்ஸலாம்.