புதுமையும் அதிசயமும்

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐரோப்பாவின் இடைக்கால நூல்களில் பறவைநாகமும், ஓநாயாக மாறும் மனிதனும் பக்கந்தோறும் வருவதுண்டு. 'அக்காலத்தார் எதையும் நம்பிய பேதைகள்' என்று குருமட நாட்களில் நாமும் நகைத்தோம். அது தவறு.

ஏறத்தாழ 1215-இல் தில்பரி ஊர் கெர்வாசியுஸ் என்னும் ஆங்கிலேயர், பேரரசர் நான்காம் ஓத்தோவுக்காக ஒரு நூல் எழுதினார். இயற்கைக்கு மேற்பட்டு இறைவல்லமையால் நிகழ்வது புதுமை. இயற்கைக்கு உட்பட்டதாயினும் நம் அறிவுக்கு எட்டாதது அதிசயம் என்று அதில் பிரித்துக் காட்டினார்.

அதே நூற்றாண்டில் சாமிநாதர் சபைத் துறவி வொராஜினே யாக்கோபு, புனிதர் வரலாறுகளைத் தொகுத்தார். 'பொன் வரலாறு' எனப் பெயர்பெற்ற அந்நூலில், புனித மார்கரீத்தைப் பறவைநாகம் விழுங்கியதாகவும், சிலுவை அடையாளத்தால் அதன் வயிறு வெடித்து அவர் வெளிவந்ததாகவும் ஒரு கதை உண்டு. அது நம்பத்தகாத வீண்கதை எனக் கருதப்படுவதை யாக்கோபுவே அங்கு குறித்துவைத்தார். ஆராய்ந்து பார்ப்பது விசுவாசத்துக்குப் பகையென்று அவர் எண்ணவில்லை.

அதே சபையைச் சேர்ந்த பூர்போன் ஸ்தேவான் எழுதியதோ நெஞ்சை உருக்குவது. பிரான்சு நாட்டின் லியோன் மறைமாவட்டத்தில் அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டபோது, நோயுற்ற பிள்ளைகளைப் 'புனித கினெஃபோரிடம்' கொண்டுபோனதாகப் பெண்கள் பலர் சொன்னார்கள். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தால், அது ஒரு வேட்டைநாய்! தொட்டிற் குழந்தையைத் தீண்டவந்த பாம்பை அது கொன்றது. இரத்தத்தைக் கண்ட பிரபு, குழந்தையையே கடித்துவிட்டதென்று எண்ணி நாயை வெட்டினான். சிலப்பதிகாரத்தில் கீரியைக் கொன்ற பார்ப்பனியின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

நாயைப் புதைத்த தோப்பில் தாய்மார் பிள்ளையைக் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு அகன்றார்கள். திரி சாய்ந்து குழந்தைகள் வெந்து மாண்டதும் உண்டு. பின்னர் ஆற்றுநீரில் ஒன்பது முறை முக்கினார்கள். ஸ்தேவான் தோப்பை வெட்டி, நாயின் எலும்புகளோடு எரிக்கச் செய்தார். பிள்ளைகளின் உயிரை எண்ணினால் அவர் செய்தது சரியே. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அவ்விடம் போய்வந்தார்கள்.

ஏன்? எலும்பு எரிந்தது, பிள்ளையின் காய்ச்சல் தணியவில்லை. தாயின் அச்சத்துக்கு வேறு வழி காட்ட ஆளில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், காய்ச்சல் கண்ட குழந்தையை மந்திரிக்கக் கொண்டுபோன ஒரு தாயைக் கோவில் முற்றத்திலேயே நாம் கடிந்துகொண்டோம். உபதேசம் சரிதான். ஆனால் மருத்துவரிடம் போக ஒரு வண்டி பிடித்துத்தர நமக்குத் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்தது; அந்தத் தாய் அதன்பின் தம் கஷ்டம் எதையும் நம்மிடம் சொன்னதில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஆகவே அன்பர்களே, கதையைக் கதையென்று சொல்ல அஞ்சவேண்டாம்; யாக்கோபு அஞ்சவில்லை. ஆனால் கதையைத் தேடிப்போகும் துயரத்தை நோக்கி நகைக்கவும் வேண்டாம். பிள்ளையைச் சுமந்து ஒருத்தி வந்தால், முதலில் பிள்ளையைக் கையில் வாங்குவோம். உபதேசம் பிறகு ஆகட்டும்.