காரணி கைக்கு வராத பகு எண்

  

ஓர் எண் பகு எண் என்று நிறுவியாயிற்று; காரணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த எண்ணைப் பற்றி நமக்கு ஏதாவது தெரியும் என்று சொல்லலாமா? கூடாது என்பது என் சக ஆசிரியர்கள் பலரின் கட்சி. பாடத்திட்டக் குழுவில் நாங்கள் இதற்காக மோதிக்கொண்டது முன்வரிசைக்குத் தெரியும். இன்று ஒலிபெருக்கி என் பக்கம்.

அவர்கள் எப்போதும் எடுத்து வீசும் எண் 2⁶⁷ − 1. இருபத்தோரு இலக்கம்: 147573952589676412927. மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்திருந்தார். 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் இதன் காரணிகளை வைத்தார்: 19,37,07,721 மற்றும் 7,61,83,82,57,287. அவர் வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார், அவை எழுந்து கைதட்டியது என்பது பின்னாளில் கணித வரலாறு எழுதிய பெல் பரப்பிய கதை. கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் 1876-லேயே எடுவார் லூக்கா இந்த எண் பகா எண் அன்று என்று காட்டிவிட்டார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை வகுப்பில் சொல்வது பாதிக் கணிதம்.

லூக்கா வகுத்து, 1930-இல் லேமர் செப்பனிட்ட முறையைப் பாருங்கள். 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்யுங்கள். 2⁵ − 1, அதாவது 31-க்கு: 4, 14, 8, 0. பூச்சியம் வந்தது, பகா எண். 2¹¹ − 1, அதாவது 2047-க்கு: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை, பகு எண். 23 × 89 என்பது இந்த வரிசையில் எங்கும் தலைகாட்டவில்லை, தேவையும் இல்லை.

நண்பர்களின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். கோலின் விடையைப் பள்ளிப் பிள்ளைகூடச் சரிபார்க்கலாம்: 721 × 287 = 206927, கடைசி மூன்று இலக்கம் பொருந்துகிறது; முழுவதையும் ஒரு மாலையில் பெருக்கிவிடலாம். லூக்காவின் கணக்கையோ அடியிலிருந்து மறுபடி போட வேண்டும். உண்மைதான். ஆனால் அது சரிபார்ப்பதில் உள்ள சிரமம். அறிவில் உள்ள குறை அன்று. இன்னொன்று: 2⁶⁷ − 1 என்ற எண்ணின் பகாக் காரணி எதுவும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும். கோலின் சிறிய காரணிக்கு k = 14,45,580. ஒவ்வொன்றாக வகுத்துத் தேடுபவர், 8-ஆல் வகுத்தால் வரும் மீதியை வைத்துப் பாதியைக் கழித்தாலும், ஏழு லட்சத்துக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். கோல் அப்படித் தேடவில்லை. இருபடி எச்சங்களைக் கொண்டு வழியைச் சுருக்கினார். எவ்வளவு சுருக்கினாலும் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று அவரே சொன்னதாகப் பெல் எழுதுகிறார். தேடல் ஒருநாள் முடியும் என்ற உறுதியை அவருக்குக் கொடுத்தது யார்? லூக்கா.

ஃபெர்மா எண்களிலும் இதே நிலைதான். 2²⁰ என்ற அடுக்கில் நிற்கும் இருபதாவது ஃபெர்மா எண்ணுக்கு 3,15,653 இலக்கம். பகு எண் என்று தெரியும், காரணி ஒன்றும் தெரியாது. நேரம் கருதி விரிக்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள்: லூக்காவின் மூலக் கட்டுரைகளைத் தமிழில் தரலாம், கோலின் எச்ச முறையை இன்றைய கணினியில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், சோதனைக் கணக்கை எளிதில் சரிபார்க்கும் சான்று முறைகள் பற்றித் தனி நூலே எழுதலாம். பாடத்திட்டக் குழுவுக்கு ஒரே வேண்டுகோள். 2¹²⁷⁷ − 1 என்பது 385 இலக்க எண். பகு எண் என்று நிறுவப்பட்டது, காரணி இன்னும் அகப்படவில்லை. அடுத்த பதிப்பில் அதைப் பகு எண் பட்டியலிலேயே அச்சிடுங்கள், கேள்விக்குறி போடாமல்.