பூட்டிக்கொள்ளும் விரல்

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசுகிற கூட்டத்தில் இன்றைக்கு விரலைப் பற்றிப் பேசுகிறோம். விரல் போனால் எங்களுக்குச் சம்பளமும் இல்லை.

எங்களில் சிலருக்கு விடிய எழும்பும்போது மோதிர விரலோ பெருவிரலோ மடங்கியபடியே நிற்கிறது. மற்றக் கையால் நிமிர்த்தினால் துவக்கின் விசைபோல 'டக்' என்று விடுகிறது. வைத்தியர்கள் இதை 'ட்ரிகர் ஃபிங்கர்' என்கிறார்கள்.

விரலை மடக்கும் நாண், விரலடியில் ஒரு சிறு வளையத்துக்குள்ளால் ஓடுகிறது. அலவாங்கில் தேங்காய் உரிக்கும்போதும் கொக்கத்தடியை இறுக்கிப் பிடிக்கும்போதும் பாரம் அந்த இடத்தில்தான் விழுகிறது. வளையம் தடித்து நாண் வீங்கினால், ஊசிக் காதில் முடிச்சு விழுந்த நூல்போலச் சிக்கிக்கொள்ளும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் 40 வயது தாண்டிய பெண்களுக்கும் இது கூடுதலாக வரும்.

உடனே கத்தி வைக்கத் தேவையில்லை. முதல் மருந்து, இறுக்கிப் பிடிக்கும் வேலையிலிருந்து கைக்கு ஓய்வு. இரவில் விரலை நேராக வைத்திருக்கும் அணையை 6 கிழமையளவு கட்டவேண்டும். விடிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து, மெல்ல மடக்கி விரிக்கலாம். குறையாவிட்டால் விரலடியில் ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். பலருக்கு அதோடு சுகம் வரும். ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்குச் சீனி கூடும் என்பதால், சீனி வருத்தத்தை முன்னமே சொல்லிவிடுங்கள். அதற்கும் விடாவிட்டால்தான் சத்திரசிகிச்சை. அதுவும் கையை மட்டும் விறைக்கப் பண்ணிச் செய்வது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது எங்கள் வழக்கம். மெல்ல எண்ணெய் தடவுவதில் பிழையில்லை. பூட்டிய விரலை இழுத்து முறிக்க மட்டும் விடாதீர்கள். வெளிநாட்டில் கைரோபிரக்டர்களும் கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். அது இந்த வருத்தத்தைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. விரல் முழுக்க வீங்கி, சிவந்து, சுட்டால் அது வேறு. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் மருந்து ஓய்வு என்றோம். நாட்சம்பளக்காரருக்கு அதுதான் விலை கூடிய மருந்து. ஆகவே எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: வைத்தியரின் துண்டு கொண்டுவருபவருக்குச் சம்பளம் குறையாமல் இலகு வேலை, ஒரே ஆளை நாள் முழுக்க உரிக்க விடாமல் வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தல், கைக்கு அடங்கும் தடித்த பிடியுள்ள ஆயுதங்கள்.

விரல் பூட்டியவர்கள் மறைக்காமல் சங்கத்தில் பெயர் கொடுங்கள். ஒருவர் கேட்டால் சாட்டு என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.