பருந்துகளோட காலை மீட்டிங்

பருந்துன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வானத்துல தனியா வட்டமடிக்கிற ஒரு பறவை, யார் தயவும் தேவைப்படாத ஒரு கெத்து. வாட்ஸப்ல வர்ற காலை வணக்கம் படத்துல பாதி அதுதான். இன்னிக்குப் பேசப்போற ஹாரிஸ் பருந்து அந்தக் கெத்துக்கு நேர் எதிர். இது கூட்டுக் குடும்பம்.

அமெரிக்காவோட தென்மேற்குப் பாலைவனங்கள்ல தொடங்கி, தெற்கே சிலி, அர்ஜென்டினா வரைக்கும் இது இருக்கு. விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்துல புறா விரட்டறதுக்குன்னே ரூஃபஸ்னு ஒரு பருந்து வெச்சிருந்தாங்களே, அதுவும் இந்த இனம்தான்.

ஜேம்ஸ் பெட்னார்ஸ்ங்கிற ஆய்வாளர் நியூ மெக்சிகோவுல இந்தப் பருந்துகள் மேல ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கட்டிப் பின்தொடர்ந்தார். 1988-ல 'சயின்ஸ்' இதழ்ல அந்தக் கட்டுரை வந்தது. குளிர்காலக் காலையில குடும்பம் மொத்தமும் முதல்ல ஒரே இடத்துல கூடுது. ஆமா, நம்ம ஸ்டாண்ட்-அப் மீட்டிங் மாதிரியே, ஆனா இதுல வேலை நடக்குது! அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணா பிரிஞ்சு, மரத்துக்கு மரம் தாவிக்கிட்டே முயல் தேடுது.

முயல் வெட்டவெளியில சிக்கினா, பல திசையிலேர்ந்து ஒரே நேரத்துல பாயும். புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா, ஒண்ணு ரெண்டு உள்ளே போய்க் கலைக்கும், மத்தது வெளியில காத்திருக்கும். அபூர்வமா ஒரு ரிலே ரேஸும் உண்டு: முன்னாடி துரத்தற பருந்து பாய்ஞ்சு தவறவிட்டா, அடுத்தது முன்னாடி வந்துடும். ஆண் பருந்து சுமார் 700 கிராம்தான். அங்கே இருக்கிற ஜாக்ராபிட்ங்கிற பெரிய முயல் 2 கிலோவைத் தாண்டும். தனி ஆளா அது கஷ்டம். கூட்டமாப் பிடிச்சு, பங்கு போட்டுச் சாப்பிடுது.

சரி, எப்படிப் பேசிக்குது? எதிரி கிட்ட வந்தா கரகரன்னு நீளமா ஒரு கத்தல் இருக்கு. ஆனா வேட்டையில கத்தினா முயல் உஷாராயிடுமே! அங்கே ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் பேச்சுன்னு எனக்குத் தோணுது. யார் நகர்றா, யார் நிக்கிறா, அவ்வளவுதான். குடும்பத்துல ஒரு வரிசையும் உண்டு. பெரிய பெண் பருந்துதான் தலைவி. அது வந்தா மத்தது இடம் விடும்.

சகுவாரோ கள்ளிச்செடி உச்சியில ஒரு பருந்து முதுகு மேல இன்னொண்ணு ஏறி நிக்கிற படத்தைப் பார்த்திருப்பீங்க. சில சமயம் மூணு அடுக்கு! நல்ல உட்காரும் இடம் கம்மி, ஆள் அதிகம். பெருமாள் கோயில் வரிசை மாதிரி நெருக்கம், ஆனா சண்டை இல்லை.

இந்த நெருக்கம்தான் நகரத்துல ஆபத்தாயிடுச்சு. அரிசோனாவுல டூசான் நகரத்துக்குள்ளேயே இந்தப் பருந்துகள் குடியிருக்கு. தண்ணி இருக்கு, பெரிய மரம் இருக்கு, முயலும் புறாவும் இருக்கு. கள்ளிச்செடிக்குப் பதிலா மின்கம்பம் இருக்கு.

நான் காலேஜ்ல படிச்சது ஈஈஈ, கோடு எழுதறது அப்புறம் வந்த பொழப்பு. அதனால இதை மட்டும் கொஞ்சம் விளக்கிடறேன். ஒரே ஒரு கம்பியில உட்கார்ந்த காக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. உடம்பு ரெண்டு கம்பியையோ, ஒரு கம்பியையும் எர்த் ஆன பாகத்தையும் சேர்த்துத் தொட்டாத்தான் கரண்ட் பாயும். ஹாரிஸ் பருந்து இறக்கையை விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற கம்பத்துல அந்த இடைவெளி அதைவிடக் கம்மி. இதுல ஒரே கம்பத்துல ரெண்டு மூணு பருந்து ஒட்டி உட்கார்ந்தா, ஒவ்வொண்ணா தாண்டாத இடைவெளியை எல்லாம் சேர்ந்து தாண்டிடும்.

ரொம்ப மாட்டிக்கறது, கூட்டை விட்டுப் புதுசாப் பறக்க ஆரம்பிச்ச குஞ்சுகள். தடுமாறி, கிடைச்ச இடத்துல இறங்கும்.

டூசான்ல இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. ஊர்ல இருக்கிற எல்லாக் கம்பத்தையும் மாத்த முடியாது, செலவு தாங்காது. கூடு எங்கே இருக்குன்னு தேடி, அதைச் சுத்தி 300 மீட்டருக்குள்ள இருக்கிற ஆபத்தான கம்பங்கள்ல வெறும் கம்பிக்கும் இணைப்புகளுக்கும் இன்சுலேஷன் உறை மாட்டினாங்க. கூடுகள் பக்கத்துல சாவு நல்லாவே குறைஞ்சுது. புதுசா ஒரு மரத்துல கூடு கட்டினா, அந்த மரத்தைச் சுத்தி மறுபடி முதல்லேர்ந்து கம்பம் எண்ணணும்.