குட்டி ரயிலுக்கு சிமெண்ட் நடைமேடை போட்ட கதை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



எங்க குழு கொலுவுக்கு வைக்கிற பூங்கா செட், கிராமத்து செட் செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியும். போன வருஷம் டவுனில் ஒரு வீட்டில் இருந்து புது மாதிரி ஆர்டர் வந்தது. அவங்க பையனோட குட்டி ரயில் கொலுவில் ஓடணும், அதுக்கு ஸ்டேஷன், நடைமேடை, வெளியே ரோடு, ரோட்டோரம் நடைபாதை எல்லாம் நிஜ சிமெண்ட் மாதிரியே வேணும்னு கேட்டாங்க. முன்பணம் வாங்கினோம். பத்தாததுக்குக் குழுவில் கடன் எடுத்து சாமான் வாங்கினோம்.

கொண்டுபோய் வச்சதும் அந்த அம்மா பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக் மாதிரி இருக்கே" என்றார். ரயிலை ஓட விட்டால் நடைமேடையில் உரசி நின்றுவிட்டது. அட்டை நெளிந்து தண்டவாளத்துப் பக்கம் துருத்திக்கிட்டு இருந்தது. செட்டைத் திருப்பித் தூக்கிட்டு வந்தோம். பத்து நாள் தவணை கொடுத்தாங்க. அந்த மாதக் கடன் தவணையை ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுத்தான் கட்டினோம்.

என்ன தப்புன்னு அந்தப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். அவன் ரயில் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. ஜெர்மனியில் ஹாம்பர்க் ஊரில் 2001ல் திறந்த பெரிய ரயில் மாதிரிக் காட்சியும் இதே அளவில்தான் செய்திருக்காங்களாம். கணக்குப் போட்டோம். ஒரு அடிக்கு 3.5 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. நாங்க நடைபாதையை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வச்சிருந்தோம். அந்த ஆளுக்கு அது இடுப்பு உயரம்! ஏணி போட்டுத்தான் ஏறணும். நிஜத்தில் அரையடி உயரம்னா இங்கே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை ஒட்டினாலே போதுமானதா இருந்தது. ரயில் நடைமேடைக்குத்தான் ஒரு சென்டிமீட்டர் கிட்ட வேணும்.

அப்புறம் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்து ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். தினம் மிதிக்கிற தரையை நாங்க அன்னைக்குத்தான் பார்த்தோம்னு சொல்லணும். சாம்பல் நிறம்னு நினைச்சது ஒரே நிறமா இல்லை. வெயில் பட்ட இடம் வெளுத்து, குழாயடி கறுத்துப் பாசி பிடிச்சு, டீக்கடை முன்னாடி எண்ணெய்க் கறை. தண்டவாளத்துப் பக்கம் பிரேக்கில் உதிரும் இரும்புத்தூள் படிஞ்சு செம்பழுப்பு. ஓரமெல்லாம் மூளி. நாங்களோ பளபளன்னு எனாமல் பெயிண்ட் அடிச்சிருந்தோம். கேக் மாதிரி இல்லாம வேற எப்படி இருக்கும்?

திரும்ப ஆரம்பிச்சோம். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் நெளியும். அதனால இரண்டு பக்கமும் பெயிண்ட் அடிச்சு, கனத்தை வச்சு அமுக்கிக் காய வச்சோம். நடைமேடைக்கு தெர்மோகோல் மேல, பெயிண்டர்கள் சுவருக்குப் பூசுற பட்டியை மெலிசா இழுத்து, காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டோம். தெர்மோகோலில் ஸ்ப்ரே பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க, அப்படியே உருகிக் குழியாயிடும். எங்களுக்கு ஒரு பலகை போச்சு.

கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. ஸ்கேல் வச்சு அழுத்திக் கீறினால் கல்லுக்குக் கல் இணைப்பு தெரியும். நிறத்துக்கு வெள்ளையில் துளி கறுப்பு, துளி காவி. மினுக்காத பெயிண்டா இருக்கணும். அது நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் முக்கியமான வேலை. கறுப்புச் சாயத்தை டீத்தண்ணி மாதிரி நீர்க்கக் கரைச்சு, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, மேலே தடவி உடனே துணியால் ஒத்தி எடுக்கணும். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். தேய்க்கக் கூடாது, ஒத்தணும். பட்டியில் ஒரு இடம் தானாவே வெடிச்சிருந்தது. அடைக்கப் போன அக்காவின் கையைப் பிடிச்சு நிறுத்தினோம், அதுதான் நிஜமா இருந்தது!

எட்டாம் நாள் கொண்டுபோனோம். பையன் தரையோட கண்ணை வச்சுப் படுத்துப் பார்த்தான். ரயில் உரசாமல் போனது. பாக்கிப் பணம் வந்தது, கடன் அடைஞ்சது, இன்னும் இரண்டு வீட்டுக்கு ஆர்டரும் கிடைச்சது. முதல் செட்டுக்குக் கூலி நாங்க போடவே இல்லை, சாமான் விலைதான் எழுதினோம். அடுத்த இரண்டுக்கும் நோட்டில் நாள் கணக்கு எழுதி, கூலி சேர்த்து விலை சொன்னோம். பேரம் பேசினாங்க, ஆனாலும் கொடுத்தாங்க.

சாயத்தண்ணி பக்குவம் வாயால் சொன்னால் பிடிபடாது. கிண்ணமும் துணியும் நாலு அட்டையும் கொண்டு வந்திருக்கோம். டீ குடிச்சிட்டுப் பின் வராண்டாவுக்கு வாங்க, செஞ்சு காட்டுறோம்.